இணையக் கடைக்குச் சுமைகூலி வகுப்பது: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு கணக்கு

செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்தால் புனலூர் சுமார் 50 கி.மீ. தூரம், சென்னையோ 600 கி.மீ.க்கும் அதிகம். ஆனால் செங்கோட்டையில் இருந்தபடி இணையக் கடை நடத்தும் ஒருவர் கூரியர் நிறுவனங்களின் கட்டண அட்டைகளை விரித்துப் பார்த்தால், பலவற்றில் சென்னை ‘மாநிலத்துக்குள்’ என்ற மலிவான கட்டத்திலும், புனலூர் ‘பிற மாநிலம்’ என்ற விலை கூடிய கட்டத்திலும் இருக்கக் காண்பார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர் என்பதெல்லாம் கட்டண அட்டைக்குத் தெரியாது. அனுப்பும் செலவைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிறுவனம் எங்கே கோடு கிழித்திருக்கிறது, பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்கும்போது வாங்க ஆள் இருக்கிறாரா என்ற மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அல்வா, கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய், காருக்குறிச்சி மண்பாண்டம் என்று இந்தப் பகுதியிலிருந்து இணையத்துக்குப் போகும் பொருட்களின் பட்டியல் நீளமானது. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற இணையக்கடை மென்பொருள்களில் கடையைத் திறப்பது இன்று ஒரு மாலைப்பொழுது வேலை. அதில் ‘ஷிப்பிங்’ என்ற பக்கத்தைப் பெரும்பாலோர் கடைசியில் திறந்து, ‘எல்லா ஊருக்கும் 60 ரூபாய்’ என்றோ ‘டெலிவரி இலவசம்’ என்றோ நிரப்பிவிட்டு மூடிவிடுகிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி உருவான காலத்தில் கூரியர் கிடையாது. ஆனாலும் அரைக் கிலோ தின்பண்டத்தைக் குவாஹாட்டிக்கு அனுப்பும் கடைக்காரருக்கு அது அப்படியே பொருந்துகிறது. அந்தப் பக்கத்தில் நிரப்பப்படுவது சுமைகூலியை யார் எவ்வளவு தாங்குவது என்ற முடிவு. ஆகவே அது விலை நிர்ணயத்தின் ஒரு பகுதி. பொருளுக்கு விலை வைக்கும்போதே சேர்த்து யோசிக்க வேண்டியது.

முதல் வேலை கணினியில் இல்லை, தராசில் இருக்கிறது. கூரியர் கட்டணம் பெரும்பாலும் 500 கிராம் படிகளாக ஏறுகிறது: 500 கிராம் வரை ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் ஒரு கிலோவுக்கான கட்டணம், அடுத்து ஒன்றரைக் கிலோ என்றவாறு. அரைக் கிலோ அல்வாவை எடுத்துக்கொள்வோம். நெய் கசியாமல் இருக்கப் பட்டர் பேப்பர், அதன்மேல் மூடி இறுகிய டப்பா, டப்பா நசுங்காமல் இருக்க அட்டைப் பெட்டி, பெட்டியைச் சுற்றிப் பழுப்பு டேப் என்று கட்டி முடித்துத் தராசில் வைத்தால் எடை 600 கிராமைத் தாண்டிவிடும். கடைக்காரர் விற்றது அரைக் கிலோ. அவர் கட்டப்போவது ஒரு கிலோவுக்கான கட்டணம். அதே பெட்டியில் இன்னும் கால் கிலோ வைத்தாலும் கூரியர் செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. ஆகவே இணையத்தில் அல்வா விற்பவருக்கு அரைக் கிலோப் பொட்டலத்தைவிட முக்கால் கிலோப் பொட்டலமே லாபமானது. அல்லது அரைக் கிலோ வாங்குபவரிடம் கூடவே கால் கிலோ மிக்சரை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கடைத்தெருவில் இந்தக் கணக்கு தேவைப்படாததால் பல ஆண்டுகள் வியாபாரம் செய்தவர்கள்கூட இதைத் தவறவிடுகிறார்கள்.

எடையோடு கணக்கு முடிவதில்லை. லாரியிலும் விமானத்திலும் தீர்ந்துபோவது எடை மட்டுமல்ல, இடமும்தான் என்பதால், கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 என்ற எண்ணால் வகுத்து, ‘கன அளவு எடை’ ஒன்றைக் கணக்கிடுகின்றன. அதுவும் தராசு காட்டும் எடையும் ஒப்பிடப்பட்டு, இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். 4000 என்றால் கடைக்காரருக்குச் செலவு கூடும், 6000 என்றால் குறையும். ஒப்பந்தம் போடும்போது கிலோவுக்கு என்ன விலை என்று கேட்பவர்கள் இந்த எண்ணைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பத்தமடைப் பாயில் இது பளிச்சென்று தெரியும். மூன்றடி அகலப் பாயைச் சுருட்டி, அட்டை சுற்றினால் 92 சென்டிமீட்டர் நீளமும் பக்கத்துக்கு 11 சென்டிமீட்டரும் கொண்ட உருளை என்று வைத்துக்கொள்வோம். கூரியர் அதை உருளையாகப் பார்க்காது. அதைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாகவே அளக்கும். 92, 11, 11 ஆகியவற்றைப் பெருக்கினால் 11,132. 5000 ஆல் வகுத்தால் 2.23 கிலோ. தராசு ஒரு கிலோ சொச்சம் காட்டினாலும் கட்ட வேண்டியது இரண்டரைக் கிலோவுக்கு. நயமான இழையில் நெய்த பாயை மடிக்க முடியும் என்பதால், அதையே 46, 30, 5 சென்டிமீட்டர் அளவில் மடித்து அனுப்பினால் கணக்கு 1.38 ஆகி, ஒன்றரைக் கிலோவில் நின்றுவிடுகிறது. முரட்டுக் கோரையில் நெய்ததை மடித்தால் கோரை முறியும். அதைச் சுருட்டித்தான் அனுப்ப வேண்டும், கூடுதல் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். ஒரே கடையில் ‘பாய்’ என்று ஒரே பெயரில் விற்கும் இரண்டு பொருளுக்கு இரண்டு கட்டணம் தேவைப்படுவது இதனால்தான். வூகாமர்ஸில் இதற்கென்றே ‘ஷிப்பிங் கிளாஸ்’ என்ற வசதி இருக்கிறது. ஷாப்பிஃபையில் ‘ஷிப்பிங் புரொஃபைல்’ என்பார்கள். மடிக்கத்தக்கது, நீளமானது, உடையக்கூடியது என்று மூன்று வகை பிரித்துவைத்தாலே பெரும்பாலான நெல்லைக் கடைகளுக்குப் போதும்.

பெட்டியின் அளவைப் பதிவுசெய்வதில் இன்னொரு நுட்பம் உண்டு. 30, 20, 10 சென்டிமீட்டர் பெட்டிக்குக் கன அளவு எடை 1.2 கிலோ, ஒன்றரைக் கிலோப் படியில் அடங்கும். அப்பள அடுக்கைக் கொஞ்சம் அமுக்கி மூடி, பக்கங்கள் புடைத்தபடி டேப் சுற்றினால், நிறுவனத்தின் கிடங்கில் உள்ள அளவுக் கருவிக்கு அது 32, 21, 12 ஆகத் தெரியலாம். அப்போது கணக்கு 1.61 கிலோ, இரண்டு கிலோப் படி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் புடைப்பு ஒரு படியையே ஏற்றிவிடுகிறது. சில நாள் கழித்து ‘எடை வேறுபாடு’ என்ற பெயரில் நிறுவனத்திடம் கட்டிவைத்த முன்பணத்திலிருந்து கூடுதல் தொகை கழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து மறுப்புத் தெரிவிக்க வேண்டுமானால் கையில் சான்று இருக்க வேண்டும். பெட்டியைத் தராசில் வைத்து ஒரு படம், இஞ்சு டேப்பை ஓரத்தில் பிடித்து ஒரு படம் என்று கட்டும்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அட்டையில் அச்சிட்டிருக்கும் கட்டணத்தோடு பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. 50 ரூபாய் என்று பேசியது பில்லில் 59 ரூபாயாக வரும்.

இனி மண்டலங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்கப் பின்கோடுதான் இன்றும் எல்லா டெலிவரிக் கணக்குக்கும் அடிப்படை. அதன் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்ட அளவிலான பகுதியையும், கடைசி மூன்று குறிப்பிட்ட அஞ்சலகத்தையும் காட்டும். 627 என்று தொடங்குவது பழைய ஒன்றுபட்ட நெல்லையின் மேற்கும் நடுவும். 628 தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டிப் பக்கம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானபோது பின்கோடு மாறவில்லை. தென்காசி இன்றும் 627811, சங்கரன்கோவில் 627756. வாடிக்கையாளர் மாவட்டம் என்ற இடத்தில் ‘தென்காசி’ என்பாரா ‘திருநெல்வேலி’ என்பாரா என்று சொல்ல முடியாது. ஆகவே அருகமை மண்டலத்தை மாவட்டப் பெயரை வைத்து வகுக்காமல் எண்ணை வைத்து வகுப்பதே சரி. வூகாமர்ஸில் 627* என்றும் 628* என்றும் எழுதினால் அந்த எண்களில் தொடங்கும் எல்லா ஊரும் அடங்கிவிடும். ஷாப்பிஃபையின் வழக்கமான மண்டலங்கள் நாடு, மாநிலம் என்ற அளவில்தான் பிரிகின்றன. பின்கோடு வாரியாகப் பிரிக்க அதில் உள்ளூர் டெலிவரி என்ற தனிப் பகுதியைப் பயன்படுத்த வேண்டும்.

வூகாமர்ஸ் மண்டலப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் மண்டலத்தோடு நின்றுவிடும். ‘தமிழ்நாடு’ மேலேயும் ‘627*’ கீழேயும் இருந்தால், பாளையங்கோட்டை வாடிக்கையாளருக்கும் மாநிலக் கட்டணமே காட்டும். உள்ளூர்க் கட்டணம் ஒருநாளும் தலைகாட்டாது. சின்ன வட்டம் மேலே, பெரிய வட்டம் கீழே என்பதுதான் விதி. பின்கோடும் மாநில எல்லையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: 605 என்ற எண் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பொது, காரைக்கால் 609இல் வருகிறது.

நெல்லைக் கடைக்கு என் கணிப்பில் ஐந்து மண்டலம் போதும்: 627, 628, கன்னியாகுமரிப் பக்கத்து 629 சேர்ந்த அருகமை வட்டம், மீதித் தமிழகமும் புதுச்சேரியும், கேரளமும் பெங்களூருவும், தாராவியில் நெல்லைக்காரர் நிறைந்திருக்கும் மும்பை உட்பட நாட்டின் மற்றப் பகுதிகள், கடைசியாக வடகிழக்கும் காஷ்மீரும். கேரளத்தைத் தனியே பிரிப்பதற்குக் காரணம் உண்டு. 500 கி.மீ. தூரத்துக்குள் உள்ள ஊர்களை மாநில எல்லை பாராமல் ஒரே வட்டாரமாகக் கணக்கிடும் கூரியர் நிறுவனங்களும் இருக்கின்றன; அப்படியொன்று கிடைத்தால் திருவனந்தபுரமும் கொல்லமும் சென்னையைவிட மலிவாகிவிடும். செங்கோட்டை, தென்காசிக் கடைக்காரர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

மண்டலத்தை மாநிலத்துக்கு வெளியே விரிப்பதற்குமுன் ஒரு வரிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்பதே பொது விதி. குறிப்பிட்ட கைவினைப் பொருட்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை இதிலிருந்து விலக்கு உண்டு. புல், இலை, நார் கொண்டு செய்த பாய்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன. பாய் விற்பவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை அல்வா விற்பவருக்குக் கிடையாது. பதிவில்லாத ஒருவர் ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பது, தெரியாமலே வரிச் சட்டத்துக்குள் கால் வைப்பதாகும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மண்டலத்தை விரிப்பது நல்லது.

யார் மூலம் அனுப்புவது என்பதில் ஒருவரையே நம்புவது இந்தப் பகுதிக்குச் சரிப்படாது. நகரத்தில் எந்தக் கூரியரும் வீட்டுக்கே வரும். வள்ளியூருக்கோ நாங்குநேரிக்கோ அப்பால் உள்ள சிற்றூர் என்றால், ‘பார்சல் வந்திருக்கிறது, ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று போன் வருவதுதான் பல இடங்களில் நடைமுறை. பேருந்துக் கட்டணம் கொடுத்துப் போய் வாங்கியவர் அடுத்த முறை அந்தக் கடையில் வாங்க மாட்டார். அங்கெல்லாம் அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட்தான் கைகொடுக்கும். கிளை அஞ்சலகம் உள்ள ஊரில் தபால்காரருக்குத் தெரியாத வீடு இல்லை. 2025இல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஷிப்ராக்கெட் போன்ற இடைநிலைத் தளங்கள் பல கூரியர்களை ஒரே திரையில் ஒப்பிட்டுக் காட்டுவது வசதிதான். முன்பணம் கட்டிவைக்க வேண்டும், எடைத் தகராறு வந்தால் கூரியரோடு நேரில் பேச முடியாது என்பவை அதன் மறுபக்கம்.

பத்துக் கிலோவுக்குமேல் போனால் கணக்கு வேறு. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்றிவிடும் ஆம்னி பஸ் பார்சலும், பெறுபவரே கட்டணம் கட்டும்படி ‘டூ பே’ என்று எழுதி அனுப்பும் லாரி பார்சல் சர்வீஸும் கூரியரைவிட மலிவானவை. ஆனால் தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு, வடசென்னைக்காரர் ஒருவர் பஸ் பார்சலை எடுக்க அத்தனை தூரம் போய்வரும் ஆட்டோச் செலவு பார்சல் கட்டணத்தைத் தாண்டிவிடுகிறது. மொத்தமாக வாங்கும் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

‘டெலிவரி இலவசம்’ என்பது வாங்குபவரை இழுக்கும் சொல்தான். ஆனால் அது எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கடையின் பழைய பில்களே சொல்லும். பெரும்பாலோர் 600, 700 ரூபாய்க்கு வாங்கும் கடையில் 500 ரூபாய்க்கு மேல் இலவசம் என்று வைத்தால், எப்படியும் வாங்கியிருப்பவருக்குச் சுமைகூலியைக் கடையே தாங்குகிறது. 900 என்று வைத்தால் இன்னொரு பொருளைச் சேர்க்கச் சிலர் முன்வருவார்கள். 2000 என்று வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இலவச எல்லை எல்லா மண்டலத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தள்ளுபடிக் கூப்பனோடு இது மோதும் இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லை 1000 ரூபாய், வாடிக்கையாளர் 1050 ரூபாய்க்கு வாங்கி 10 சதவீதக் கூப்பன் போடுகிறார் என்றால், தொகை 945 ஆக இறங்கி, இலவச டெலிவரி திரையிலிருந்து மறைந்துவிடும். வூகாமர்ஸில் கூப்பனுக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்வு செய்யாவிட்டால் கழித்த பிறகுள்ள தொகையே கணக்கு.

பொருளை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது, அதாவது ‘கேஷ் ஆன் டெலிவரி’, தின்பண்டக் கடைக்கு வைக்கக் கூடாத வசதி என்பது என் கருத்து. பத்து ஆர்டரில் இரண்டு திரும்பி வருவதாகவும், ஒருவழிக்கு 60 ரூபாய் ஆவதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், போகவும் வரவும் 240 ரூபாய் வீண். மீதி எட்டு ஆர்டரும் தலைக்கு 30 ரூபாய் தாங்க வேண்டும். பாய் திரும்பினால் தட்டி வைத்து மறுபடி விற்கலாம். இரண்டு வாரம் ஊர் சுற்றி வந்த அல்வாவை என்ன செய்வது? கூரியர் வசூலித்த பணம் கடைக்காரர் கணக்குக்கு வரச் சில நாள் ஆகும் என்பது வேறு. இப்போது பெட்டிக்கடையிலும் ஜிபே ஒட்டியிருக்கும்போது, முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. விடவே மனமில்லை என்றால், கெடாத பொருளுக்கு மட்டும், அருகமை மண்டலத்தில் மட்டும், போனில் ஒருமுறை உறுதிசெய்துகொண்டு வைக்கலாம்.

எத்தனை நாளில் சேரும் என்ற வாக்குறுதியில், பொருளைத் தயாரித்துக் கட்டும் நாளும் வழியில் ஆகும் நாளும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கூரியர் பையன் மாலை நான்கு மணிக்கு வந்து எடுக்கிறார் என்றால், பகல் ஒரு மணிக்குப் பின் வரும் ஆர்டர் மறுநாளைக்குத்தான். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுன் ரதவீதிகளில் வண்டி நுழையாது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் எல்லாக் கிடங்கும் நிரம்பி வழியும். இவை முன்கூட்டியே தெரிந்தவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணிக் கரையூர்கள் மூழ்கியதுபோன்ற நாட்களும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் கடையின் முகப்பில் ‘மழையால் தாமதம் ஆகலாம்’ என்ற ஒரு வரியைப் போடவும் எடுக்கவும் வசதியாகத் தயாராக வைத்திருப்பது நல்லது. உணவுப் பொருளுக்கு நாள் கணக்கு சட்டத்தோடும் சேர்ந்தது: இணையத் தளங்கள் வழி விற்கும் உணவு வாடிக்கையாளர் கைக்குச் சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ காலாவதிக்கு 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. பதினைந்து நாள் தாங்கும் பண்டத்தை எட்டு நாள் பயணத்துக்கு அனுப்பலாம், பன்னிரண்டு நாள் பயணத்துக்கு அனுப்ப முடியாது. அப்படிப்பட்ட பொருளை வடகிழக்கு மண்டலத்தில் காட்டாமலே விட்டுவிடலாம்.

‘நேரில் பெற்றுக்கொள்கிறேன்’ என்ற தேர்வை இணையக் கடைக்காரர்கள் ஏனோ அலட்சியம் செய்கிறார்கள். இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பும் குடும்பம் ஜங்ஷன் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். மாலையில் பெயரெழுதிக் கட்டிவைத்த பையை வாங்கிப்போக அவர்களுக்குச் சுமைகூலியே இல்லை. எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தெளிவாக எழுதி, அன்றே ஆர்டர் செய்ய எத்தனை மணி வரை அவகாசம் என்றும் சொல்லிவிட்டால் போதும்.

முகவரிப் படிவத்தில் கதவு எண், தெரு, ஊர், அடையாளம், இரண்டாவது போன் எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வைக்க வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு, நடுத்தெரு இல்லாத கிராமம் இங்கே ஏது? ஒரே பின்கோட்டில் நாலைந்து ஊர் இருக்கும்போது ஊர்ப் பெயர் விட்டுப்போன முகவரி கூரியர் ஆபீசிலேயே தங்கிவிடும். டெலிவரிக் கட்டணத்தை விலையோடு பிரித்துக் காட்டுவதும், திருப்பி எடுக்கும் விதிகளை எழுதி வைப்பதும் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி கடமை.

எல்லாம் நிரப்பிய பிறகு, வாடிக்கையாளராக நீங்களே உள்ளே போய் 627002, 628215, 605602, 691305, 400017, 781001 என்று வெவ்வேறு பின்கோடுகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அரைக் கிலோ, ஒரு நீளப் பாய், இரண்டும் சேர்ந்த ஒரு கூடை என்று கட்டணத்தைப் பார்க்க வேண்டும். எந்த மண்டலத்திலும் அடங்காத முகவரிக்கு ‘டெலிவரி வசதி இல்லை’ என்று வருகிறதா, அல்லது தவறிப்போய்ப் பூஜ்யம் ரூபாய் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். முதல் மாதக் கூரியர் பில் வந்ததும் வாடிக்கையாளரிடம் வாங்கியதை ஒரு பத்தியிலும் கூரியருக்குக் கட்டியதை அடுத்த பத்தியிலும் மண்டலவாரியாக எழுதிப் பார்த்து, கட்டணங்களை அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். நிறுவனங்கள் தங்கள் அட்டையை மாற்றும்போதெல்லாம் இதையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.